நகரக் கூடாத புள்ளி

பாலக்கரைப் பக்கம் மாடியில் இருக்கிற அந்த டைப்பிங் இன்ஸ்டிடியூட்டுக்குக் காஸ்பர் ஒரு பழைய டைப்ரைட்டர் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஏறினார். படி குறுகல். மிஷினுக்கு நாலு பக்கமும் கூர். தோளில் வைக்கவும் முடியாது, இடுப்பில் அணைக்கவும் முடியாது. வயிற்றோடு சேர்த்துப் பிடித்து ஏறியதில் சட்டையில் இரண்டு பொத்தான் போயிற்று. மேலே போய்ச் சேர்ந்தபோதே பாதிக் கோபம் வந்திருந்தது. மீதியை மெக்கானிக் தமிழ்மணி கொடுத்தான்.

மாதத்துக்கு ஒருமுறை ஊர் ஊராக வந்து இன்ஸ்டிடியூட் மிஷின்களைப் பார்த்துவிட்டுப் போகிறவன் அவன். காஸ்பர் கொண்டுவந்த மிஷினை ஒரு விரலால் இரண்டு தட்டுத் தட்டினான். எழும்பிய இரண்டு எழுத்தும் கீழே இறங்காமல் அப்படியே நின்றன. காகிதம் ஏறும் வண்டியைத் தள்ளிப் பார்த்தான். அது அசையவில்லை.

"இது செத்துப்போச்சுண்ணே. எடைக்குப் போட்டுடுங்க."

என்ன கோளாறு என்று காஸ்பர் கேட்டார். அவன் அதை விட்டுவிட்டு, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டான். செராமிக்கில் சூளை வேலை என்றார்.

"மண்ணு சுடற கை. இதுல வெக்காதீங்க, இன்னும் கெட்டுப்போவும்."

வரிசையாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்த பெண்பிள்ளைகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காஸ்பர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே ரெண்டு வார்த்தை விழுந்திருக்கும். மிஷினைத் தூக்கி மறுபடி வயிற்றோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். கூடவே இறங்கிய கோபம் இரண்டு மாதம் வீட்டில் தங்கியது.

காஸ்பர் ஐந்தாவது முடித்த வருஷம் அப்பா செத்தார். அடுத்த வாரம் களிமண் சட்டி தூக்கப் போனவர்தான், அதே செராமிக் பேட்டையில் ஐந்து முதலாளி மாறி, இப்போது பீங்கான் பியூஸ் கேரியர் செய்கிற ஒரு யூனிட்டில் சூளைக்குப் பொறுப்பு. வயது நாற்பத்தொன்பது. சூட்டு மீட்டர் வைத்திருக்கிறார்கள். அவர் அதைப் பார்ப்பதில்லை, சூளைத் துவாரத்தில் தெரியும் நெருப்பின் நிறத்தைப் பார்ப்பார். அது சரியாகத்தான் இருக்கும். சரியாக இருப்பதால்தான் அவர் போடும் சத்தத்தை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். தட்டைச் சாய்த்து அடுக்கினால் கத்துவார். வெந்த சரக்கில் கீறல் விழுந்தால் கத்துவார். கீறல் விழாவிட்டாலும், விழுந்திருக்கும், தப்பித்தது என்று கத்துவார். கூட வேலை செய்கிற ராஜாங்கம், காஸ்பர் வாயைத் திறந்தால் சூளைக்கு கேஸ் மிச்சம் என்பான்.

அவர் மனைவி கிரேசிக்குப் பங்குக் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட ஆபீசில் தற்காலிக வேலை. தற்காலிகம் என்று பேர், பதினோரு வருஷம் ஓடிவிட்டது. அந்த ஆபீசில் இளநிலை உதவியாளர் ஒருவர் இந்த வருஷக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தை அவளுக்குக் கொடுக்கத் தாளாளர் சாமியாருக்கு மனசு இருந்தது. ஆனால் தமிழ் டைப்பிங் லோயர் சர்ட்டிபிகேட் வேண்டும். இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் வரும். வெளியாள் வந்தால் தற்காலிகத்துக்கும் வேலை இருக்காது. ஆகஸ்ட் கடைசியில் பரீட்சை. இதை விட்டால் அடுத்தது பிப்ரவரியில்தான், அதற்குள் இடம் போய்விடும்.

கிரேசிக்குக் கல்யாணத்துக்கு முன்பே தட்டத் தெரியும். வேகம்தான் விட்டுப்போயிருந்தது. இன்ஸ்டிடியூட் நடத்துகிற பாரதி மேடத்திடம் போய்க் கேட்டாள். தமிழ் மிஷின் நாலுதான் இருக்கிறது, நாலுக்கும் நாள் முழுக்க ஆள் இருக்கிறது, பரீட்சைக்கும் அதே மிஷின்கள்தான் போகும் என்றார் அந்த அம்மாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கித் தரலாம். சொந்தமாக மிஷின் கொண்டுவந்தால் பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அப்படித்தான் திட்டக்குடியில் செத்துப்போன ஒரு மனு எழுதுகிறவர் வீட்டுப் பரணிலிருந்து இந்த மிஷின் வந்தது. மிஷின் ஓடினால் பரீட்சை. ஓடாவிட்டால் இல்லை.

மெக்கானிக் எடைக்குப் போடச் சொன்ன அன்று சாயங்காலம், பின்கட்டுத் தரையில் பழைய புடவையை விரித்து அதன்மேல் மிஷினை வைத்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார் காஸ்பர். வேற மெக்கானிக் யாரையாவது கேட்கலாமே என்றாள் கிரேசி. அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துவரச் சொன்னார், எடுத்துவந்தது பெரிசு என்று கத்தினார்.

முதல் வாரம் அவர் செய்ததெல்லாம் தப்பு. தையல் மிஷின் எண்ணெய் ஒரு புட்டி முழுக்க உள்ளே ஊற்றினார். செத்த மனுக்காரர் ஏற்கெனவே வருஷக்கணக்காகத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். அது பிசினாகி உள்ளே உட்கார்ந்திருந்தது. இந்த எண்ணெயும் சேர்ந்து எழுத்துக் கம்பிகளெல்லாம் பாகில் விழுந்த எறும்பு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அப்புறம் டி.வி.எஸ்ஸிலிருந்து பெட்ரோல் பிடித்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் கம்பி கம்பியாகத் தேய்த்தார். தேய்க்கும் மூன்று நாளும் வீட்டில் அடுப்பைப் பற்ற வைக்க விடவில்லை. ஓட்டலிலிருந்து சாப்பாடு வந்தது, அதில் உப்பு இல்லை என்று அதற்கும் ஒரு சண்டை. ஆனால் அந்த மூன்று நாளில் கம்பிக்கு எண்ணெய் ஆகாது, சுத்தம் மட்டும்தான் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது.

வண்டியை இழுக்கிற நாடா அறுந்திருந்தது. கிரேசி அதைக் கேரேஜ் என்பாள். காஸ்பருக்கு அது வண்டி. காகிதத்தைச் சுமந்துகொண்டு ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து அகலம் நகர்ந்து போகிற வண்டி. அதை இழுக்கும் ஸ்பிரிங் ஒரு டப்பாவுக்குள் சுருண்டிருந்தது. திறந்தார். அது துள்ளி அவிழ்ந்து கட்டைவிரலைக் கிழித்தது. நாலு தையல். தையல் போட்ட கையோடு வந்து மறுபடி சுற்றினார், எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டார். பிறகு போனில் படம் பார்த்தார். எந்த நாட்டுக்காரனோ, தாடி வைத்த ஒருவன், ஆங்கில மிஷினைப் பிரித்துப் பிரித்துக் காட்டினான். அவன் பேசுவது புரியாததால் சத்தத்தை அணைத்துவிட்டு அவன் கையை மட்டும் பார்த்தார். நாடா கட்ட அது போதுமாயிருந்தது. கல்லாகிப்போன ரப்பர் ரோலருக்கு இரண்டு தாளைச் சேர்த்துப் போடணும் என்பதும் அங்கே பார்த்ததுதான். ஞ, ண, ழ எல்லாம் மை அடைத்துக் குருடாகியிருந்தன. குண்டூசியால் ஒவ்வொன்றாகத் தோண்டினார். ரிப்பன் கடைத்தெருவிலேயே கிடைத்தது.

யூனிட்டில் ராஜாங்கம் கேட்டான்: "என்னா காஸ்பரு, கலெக்டருக்கு மனு அடிக்கப்போறியாமே. நம்ம சம்பளத்தையும் அதுல ஒரு வரி சேத்து அடி."

"ஒன் பேர மொதல்ல அடிக்கிறேன். ஒழிஞ்சுபோவுது ஒரு தொல்லை" என்றார் காஸ்பர்.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் வண்டி இழுத்தது. கிரேசி அப்போது ஊரில் இல்லை. திட்டக்குடிக்குப் பக்கத்து மங்களூரில் அவள் அம்மாவுக்கு வருஷத் திருப்பலி, மூன்று நாள் போயிருந்தாள். அவள் வந்து உட்காரும்போது ஒரு குறை இருக்கக்கூடாது என்று காஸ்பர் சாவி சாவியாகத் தட்டிப் பார்த்தார். தட்டினால் எழுத்து விழுந்தது, வண்டி நகர்ந்தது. தட்டினார், நகர்ந்தது. அப்படியே வந்து புள்ளிச் சாவியில் கை வைத்தார். புள்ளி விழுந்தது. வண்டி நகரவில்லை. மறுபடி தட்டினார். அதே இடத்தில் புள்ளிமேல் புள்ளி. பத்து தடவை தட்டியதில் தாளில் ஓட்டை விழுந்தது.

மிச்சச் சாவிகளைப் பார்க்காமல் அங்கேயே நின்றுவிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார். மற்ற ஒவ்வொரு கம்பியின் அடியிலும் ஒரு சின்னப் பல் இருந்தது. கம்பி எழும்போது அந்தப் பல் ஒரு தகட்டைத் தள்ளியது. தகடு தள்ளினால்தான் வண்டி நகரும். இந்தப் புள்ளிக் கம்பியில் மட்டும் பல் இல்லை, மொட்டையாக இருந்தது. செத்தவர் தட்டித் தட்டித் தேய்த்திருக்கிறார், இல்லாவிட்டால் எவனோ மெக்கானிக் உடைத்துவிட்டுச் சொல்லாமல் போயிருக்கிறான் என்று காஸ்பர் முடிவு செய்தார். மெக்கானிக் என்ற வார்த்தை நினைவில் வந்ததுமே ரத்தம் ஏறியது. மிஷினை டி.வி.எஸ்ஸில் கட்டிக்கொண்டு கடைத்தெருவில் பத்தர் ஒருவரிடம் போனார். நகைக்கு ஊதுகிற சின்ன நெருப்பால் பத்தர் ஒரு பித்தளைப் பல்லைப் பற்ற வைத்துக் கொடுத்தார். அரிசி முனை அளவுதான். அருமையான வேலை. வீட்டுக்கு வந்து தட்டினார். புள்ளி விழுந்தது. வண்டி நகர்ந்தது.

அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை.

ஞாயிறு மத்தியானம் கிரேசி வந்தாள். பையைக்கூட உள்ளே வைக்காமல் மிஷின்முன் உட்கார்ந்தாள். காஸ்பர் கதவில் சாய்ந்துகொண்டு வேறு எங்கோ பார்ப்பதுபோல் நின்றார். அவள் விரல் ஓடியது. ஒரு வரி. இரண்டாவது வரியில் விரல் நின்றது. தாளைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் முன்னால் ஒரு காலி இடம். அந்தக் காலி இடத்தின் தலைமேல் அநாதையாக ஒரு புள்ளி. எழுத்து மொட்டையாக அடுத்த வீட்டில்.

"புள்ளிய யாரு தொட்டது?"

"நான்தான். நவுராம நின்னுக்கிட்டு இருந்துது. சரி பண்ணேன்."

"அது நவுரக் கூடாதுங்க."

அவருக்குப் புரியவில்லை. கையால் எழுதும்போது எழுத்தை எழுதிவிட்டு மேலே புள்ளி வைக்கிறோம். சம்பளத் தாளில் அவர் தன் பேரை அப்படித்தான் எழுதுவார். கடைசியில் ர போட்டு, மூச்சு விட்டு, மேலே ஒரு குத்து. மிஷினில் அது தலைகீழ். புள்ளியை முதலில் தட்டணும். வண்டி நகராமல் அங்கேயே நிற்கும். அப்புறம் அதன் அடியில் எழுத்தைத் தட்டினால் இரண்டும் சேர்ந்து நகரும். அதற்காகவே அந்தக் கம்பிக்குப் பல் வைக்காமல் செய்திருக்கிறார்கள். கிரேசி இதைச் சொல்லி முடித்தபோது காஸ்பருக்குக் காது சுட்டது. படத்தில் வந்த தாடிக்காரனுக்குப் புள்ளியைப் பற்றி என்ன தெரியும்.

"ரெண்டு வருஷமா டைப்பிங் டைப்பிங்குன்ற. ஒரு வார்த்தை சொன்னியா எங்கிட்ட?"

"நீங்க கேட்டீங்களா? இந்த வூட்டுல எதையாவது கேட்டுட்டு செஞ்சிருக்கீங்களா? நேரா கைய வெக்கறது, அப்புறம் கத்தறது." அவள் குரல் ஏறவில்லை. அதுதான் அவரைக் குத்தியது. "பன்னெண்டு நாள் இருக்குதுங்க. பக்கத்துக்கு நூறு புள்ளி வரும். ஒவ்வொண்ணும் ஒரு தப்பு. அஞ்சாவது படிச்சவருக்கு, புள்ளி எழுத்து மேலதான் ஒக்காரும்னு தெரியாதா?"

காஸ்பர் கையில் இருந்த டார்ச்சைச் சுவரில் அடித்தார். அது உடைந்தது. வெளியே போய் ஆற்றுப்பாலம் வரை நடந்தார். பத்தரைத் திட்டினார், செத்துப்போன மனுக்காரரைத் திட்டினார், கிரேசியைத் திட்டினார். பாலத்தில் நின்றபோது திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோனது. மிஞ்சியது அவர் மட்டும்தான்.

திரும்பி வரும்போது பாரதி மேடத்தின் வீட்டுக்குப் போய்த் தமிழ்மணியின் நம்பரை வாங்கினார். எதற்கு என்று அந்த அம்மாள் கேட்டார். ஒரு வேலை என்றார். வாசலிலேயே நின்று போன் போட்டார். தமிழ்மணி சிதம்பரத்தில் இருந்தான். பரீட்சை முடிகிறவரை நகர முடியாது, எல்லா ஊரிலும் மிஷின் காத்துக்கிடக்கிறது என்றான். சரி, விஷயத்தைச் சொல்லுங்கள் என்றான்.

காஸ்பர் சொன்னார். புள்ளிக்குப் பல் வைத்ததை, பத்தர் ஊதியதை, வண்டி நகர்ந்ததை.

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை. அவன் பக்கத்தில் இருந்தவர்களிடம், புள்ளிக்குப் பல்லு கட்டியிருக்காருடா என்று சொல்வது கேட்டது. அவர்களும் சிரித்தார்கள். முப்பத்தெட்டு வருஷ வேலையில் முதலாளிகூடக் காஸ்பரைப் பார்த்து அப்படிச் சிரித்தது கிடையாது. சிரித்த ஒருவனின் சட்டையைப் பிடித்ததற்காக ஒருமுறை வேலையையே விட்டவர் அவர். போனைக் கீழே போட்டு மிதிக்கக் கை துடித்தது. காதைவிட்டு எடுக்கவில்லை.

"சிரிச்சி முடிச்சிட்டு சொல்லு. நான் இருக்கேன்" என்றார்.

சிரிப்பு நின்றது. தமிழ்மணியின் பேச்சு மாறியது. பல்லை ஒரே தேய்ப்பில் எடுக்காதீர்கள், கம்பி நோஞ்சான், சூடு பட்டதில் இன்னும் மெலிந்திருக்கும் என்றான். நைஸ் அரத்தால் ஒரு இழுப்பு, பிறகு தட்டிப் பார்ப்பது, பிறகு ஒரு இழுப்பு. வண்டி நகராமல் நின்ற இடத்தோடு நிறுத்துங்கள். கம்பி கோணியிருந்தால் விரலால் மட்டும் நிமிர்த்துங்கள், குறடு போட்டால் ஒடியும், ஒடிந்தால் இந்தக் கம்பி எங்கும் கிடைக்காது என்றான்.

"மண்ணு சுடற கைன்னு சொன்னனே, அது தப்புண்ணே. வண்டிய இழுக்க வெச்சிட்டீங்களே."

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று காஸ்பர் போனை வைத்தார்.

மறுநாள் யூனிட்டுக்கு லீவு சொன்னார். வெந்து வரும் பியூஸ் கேரியரின் பிசிறை அரத்தால் தேய்த்து எடுப்பது அவருக்குச் சின்ன வயதிலேயே கை வந்த வேலை. கொஞ்சம் கூடினால் விளிம்பு பெயர்ந்துவிடும். அந்தக் கையால் தேய்த்தார். ஒரு இழுப்பு. தட்டினார், நகர்ந்தது. ஒரு இழுப்பு. நகர்ந்தது. பதினேழாவது இழுப்பில் வண்டி பாதி நகர்ந்து தயங்கியது. அவர் கையை எடுத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். பிறகு இன்னும் இரண்டு. புள்ளி விழுந்தது. வண்டி நின்றது. தட்டிக்கொண்டே இருந்தார், அது நின்றுகொண்டே இருந்தது.

ஆனால் புள்ளி எழுத்தின் நடுவில் உட்காரவில்லை. க-வின் இடது தோளுக்கு வெளியே தொங்கியது. விரலால் அழுத்தினார். கம்பி வளைவது கைக்குத் தெரியும் முன்பே விட்டார். மறுபடி அழுத்தினார். மத்தியானம் வரை இதுதான் வேலை. புள்ளி மயிரிழை மயிரிழையாக உள்ளே வந்தது. கிரேசி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அது தலைக்கு வந்திருந்தது. சரியாக நடுவில் இல்லை, கொஞ்சம் இடது சாய்வு. அவள் உட்கார்ந்து பத்து நிமிஷம் தட்டினாள். தாளை எடுத்துத் தேடினாள்.

"சாய்வா இருந்தா தப்பு போடமாட்டாங்க" என்றாள். அடுத்த பதினோரு நாளும் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் மிஷின் மட்டும் பேசியது. தினமும் அவள் எழுந்த பிறகு அவர் உட்கார்ந்து எழுத்துகளைக் குண்டூசியால் குத்திச் சுத்தம் செய்வார். தாளை வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்து, புள்ளிகளை மட்டும் பார்ப்பார். ஐந்தாவதுக்கப்புறம் அவர் அவ்வளவு தமிழ் படித்தது அப்போதுதான்.

பரீட்சை அன்று இன்ஸ்டிடியூட் மிஷின்களெல்லாம் குட்டியானை வேனில் ஏற்றி, பரீட்சை நடக்கிற கல்லூரி வாசலில் இறக்கப்பட்டன. இறக்குகிறவன் கிரேசியின் மிஷினில் கை வைத்தான். காஸ்பர் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற போலீஸ்காரர்கூடத் திரும்பினார். அவரே தூக்கிக்கொண்டு போய் அவள் மேஜையில் வைத்தார். வெளியே போகச் சொன்னார்கள். போய் மதில் ஓரம் நின்றார். மணி அடித்தது. அறுபது மிஷின் ஒரே நேரத்தில் ஓடு வேய்ந்த கூரையில் மழை விழுந்த மாதிரி இரைந்தன. அதில் எது அவளுடையது என்று பிரித்துக் கேட்கப் பார்த்தார், முடியவில்லை, அதற்கும் ஆத்திரம் வந்தது. வேகப் பரீட்சை பத்து நிமிஷம்தான், மறுபடி மணி. எல்லாம் ஒரே வெட்டாக நின்றது.

கிரேசி வெளியே வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"முடிச்சியா?"

"கடைசி வார்த்தை வரைக்கும்."

"புள்ளி?"

"கூடவே வந்துது" என்றாள்.

அக்டோபர் கடைசியில் ரிசல்ட் வந்தது. பாஸ், இரண்டாம் வகுப்பு. வருஷம் முடிவதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆர்டரும் வந்தது. அன்று சாயங்காலம் ஆர்டரைக் காஸ்பர் இரண்டு தடவை, எழுத்துக் கூட்டி, முழுசாகப் படித்தார். பிறகு, புது மேஜையில் மிஷின் எப்படி இருக்கிறது, எண்ணெய் விட்டுக் கெடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். அங்கே மிஷினே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்றாள் கிரேசி.

காஸ்பர் ஆரம்பித்தார். இல்லாத மிஷினுக்கு எதற்குடா பரீட்சை, எவன்டா போட்டான் இந்தச் சட்டம், என் கட்டைவிரலில் நாலு தையல், ஊர் ஊராக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்தினார். கிரேசி அடுப்பில் டீ வைத்தாள். அவர் மூச்சு வாங்கிய இடத்தில், பிப்ரவரியில் ஹையர் எழுதலாம் என்று இருப்பதாகச் சொன்னாள். அது இருந்தால் அடுத்த பதவிக்குப் போகலாமாம். அதுவும் இதே மிஷினில்தான், இதைவிட வேகமாக.

அவர் அவளை முறைத்தார். டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் மிஷின்மேல் இருந்த துணியை உருவிப் போட்டார். கீழே உட்கார்ந்து, பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு, திரும்பாமலே கத்தினார்:

"வேற எந்தச் சாவில்லாம் நவுரக் கூடாது? இப்பவே சொல்லித் தொலை."